கண்ணாடி கொண்டு வரவில்லை

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகியது. ஒரு முனகலுக்கும் அடுத்த முனகலுக்கும் இடையில் சண்முகவடிவின் மனம் ஒரே வாக்கியத்தில் போய் முட்டித் திரும்பியது. “மத்த பிள்ளைகளுக்கு அது அநியாயம் இல்லையா, டீச்சர்?” காலையில் வினாத்தாள் கட்டைக் கையில் கொடுக்கும்போது தலைமையாசிரியை புஷ்பலதா கேட்டது. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த அறைக்கான கட்டை எடுக்கத் திரும்பிவிட்டார். பதிலும் அப்போது வரவில்லை. இப்போது வருகிறது, ஒன்றன்பின் ஒன்றாக, சோறு ஆறிய பிறகு வந்து சேரும் குழம்பைப் போல. அறைக் கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது, நாளிதழ் பார்க்கக் கூடாது, சன்னலில் சாய்ந்து நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் சண்முகவடிவு ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டு, கரும்பலகைக்கும் கடைசி இருக்கைக்கும் இடையில் நடந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே இருக்கையில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றின் விடைத்தாளைப் பார்த்து மற்றொன்று எழுத முடியாதபடி இந்தப் பெண்கள் பள்ளியில் காலங்காலமாகச் செய்யும் ஏற்பாடு. அவரவர் பாடத் தேர்வுக்கு அவரவரையே கண்காணிப்புக்குப் போடுவதில்லை என்பதும் அப்படி ஒரு வழக்கம்தான். கணித ஆசிரியைக்கு அம்மை போட்டுவிட்டதால் இன்று அது தவறிப்போய், சமூக அறிவியல் தேர்வுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கும் சண்முகவடிவே நிற்க நேர்ந்தது. அதனால்தான் அந்த எச்சரிக்கை. “கேள்விய விளக்கிச் சொல்லக் கூடாது. வாசிச்சும் காட்டக் கூடாது. அந்த இசக்கியம்மாளுக்கு நீங்க செய்யுததெல்லாம் எனக்குத் தெரியும்.” செய்ததெல்லாம் என்றால் என்ன? மதிய உணவு முடிந்ததும் நூலகத்தின் மூலையில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தது. தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் நடுவில், ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னலைப் போல வெட்டி, மற்ற வரிகள் வந்து இடிக்காமல் படிக்கக் கொடுத்தது. அந்த அட்டையைத்தான் இன்று காலை வாசலில் சோதனை செய்தவர்கள் பிடுங்கினார்கள். அதில் ஓர் எழுத்துகூட எழுதியிருக்கவில்லை. இருந்தும் அதற்குப் பிட் என்று பெயர் வைத்துத் தலைமையாசிரியையின் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஓட்டையிட்ட வெறும் அட்டை பிட் ஆகுமென்றால், அந்த ஓட்டை வழியாக எதைப் பார்த்து எழுதுவாள்? கேட்டிருக்க வேண்டும். வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். சன்னலோர இருக்கையில் இசக்கியம்மாள் வினாத்தாளைப் பார்த்தபடி இருந்தாள். பேனாவின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை.

அந்த மூடி கழலாவிட்டால் என்ன ஆகும் என்பது சண்முகவடிவுக்குத் தெரியும். நேற்று மாலை அலுவலக அறையில் அவள் வருகைப் பதிவேட்டை வைக்கப் போனபோது இசக்கியம்மாளின் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள், எதிரே நாற்காலி காலியாகக் கிடந்தும். தீப்பெட்டி ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தாள். கை விரல்களில் தீக்குச்சி மருந்தின் சிவப்பு ஒட்டியிருந்தது. தலைமையாசிரியை ஏதோ ஒரு தாளை வாசிப்பதற்காகக் கண்ணாடியைத் தேடினார். கைப்பைக்குள் தேடினார், இழுப்பறைக்குள் தேடினார், கண்ணாடி இல்லாமல் ஒன்றும் புரியாது என்று முனகினார். “தலையில இருக்கு டீச்சர்,” என்றாள் அந்த அம்மா மெதுவாக. பாசிமணிக் கயிற்றோடு தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியைத் தலைமையாசிரியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. “எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைய எட்டாவது வர கொண்டாந்துட்டோம். இனி ஒம்பது, பத்து. பத்துல எங்களுக்கு ஒரு பிள்ளைகூடப் பெயிலாகக் கூடாது. நாளைக்குக் கடைசிப் பரீட்சை. மத்ததுல எப்படியோ ஒட்டி வந்துட்டா. இதுலயும் முப்பத்தஞ்சு எடுக்கட்டும், வச்சுக்கிடுதோம். இல்லன்னா நீங்களா கேட்டு டி.சி. வாங்கிக்கிட்ட மாதிரி வாங்கிக்கிடுங்க.” அந்த அம்மா மகளுக்காகப் பேசுவாள் என்று சண்முகவடிவு எதிர்பார்த்தாள். அவள் பேசியது வேறு. “மில்லுக்கு ஆள் எடுக்க வந்தவுக சொல்லிட்டுப் போயிருக்காவ டீச்சர். ஆஸ்டல், சாப்பாடு எல்லாம் அவுகளே. நீங்க ஒரு முடிவச் சொன்னா நானும் சொல்லிருவேன்.” எந்தச் சத்தமும் இல்லாமல், மின்கட்டணத்துக்குத் தேதி குறிப்பதைப் போல, பதின்மூன்று வயதுப் பெண்ணின் வாழ்க்கையை இரண்டு பேர் பேசி முடித்தார்கள். எட்டாவதுவரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருக்கிறது என்பதால்தான் ‘நீங்களா கேட்டு’. எவ்வளவு கவனமான சொற்கள். அந்தக் கவனத்தில் பாதியையாவது பிள்ளைமேல் காட்டியிருக்கலாம். மூன்றாவது நபராகப் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சண்முகவடிவு, “நல்லாப் படிக்கிற பிள்ளைதான் டீச்சர், வாசிக்கத்தான் சிரமப்படுதா,” என்றாள். தலைமையாசிரியை சிரித்தார். “வாசிக்காம எப்படி டீச்சர் படிக்கிறது? நீங்க ஒரு வேடிக்க.”

வேடிக்கை. பள்ளியின் வாயிலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பலகைதான் வேடிக்கை. நூறு விழுக்காடு தேர்ச்சி. எந்த நூறு? எட்டிலும் ஒன்பதிலும் கழித்துக் கழித்து எஞ்சியவர்களின் நூறு. புழுக்கத்தில் வாடிய கத்தரிக்காய்களைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டுக் கூடையில் உள்ளவையெல்லாம் நயம் என்று கூவும் வியாபாரியைக்கூட மன்னிக்கலாம். அவன் கத்தரிக்காய்க்குப் பாடம் நடத்துவதாகச் சம்பளம் வாங்கவில்லை. அந்த ஃப்ளெக்ஸில் எத்தனை முகங்கள் சிரிக்கின்றன. அதில் இடம்பெறாதவர்களுக்கு ஒரு பலகை அடித்தால் இந்தத் தெருவின் நீளம் போதாது. ஆசிரியர் அறையிலும் ஒரு வேடிக்கை உண்டு. தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் தமிழாசிரியர் பால்ராஜ் தேநீர்க் குவளையோடு எழுந்து நின்று, இந்த மாதிரிப் பிள்ளைகளின் விடைத்தாளை நாடகம் போலப் படித்துக் காட்டுவார். கேள்வியையே பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருக்கும் தாள்கள் அவருக்கு மிகவும் பிடிக்கும். “இங்க பாருங்க, கேள்விக்குக் கேள்வியே பதில். பெரிய தத்துவஞானி.” அறை குலுங்கும். சண்முகவடிவு குனிந்து திருத்திக்கொண்டிருப்பாள். ஒரு பிள்ளை தனக்கு விளங்காத எழுத்துகளைக் கோடு கோடாக, வளைவு வளைவாக, கொம்பு இருக்குமிடத்தில் கொம்பும் சுழி இருக்குமிடத்தில் சுழியுமாகப் பார்த்து வரைந்து பக்கத்தை நிரப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. வெறும் தாளைக் கொடுத்தால் அடி விழும் என்று தெரிந்து, அடிக்குப் பயந்து செலுத்தும் உழைப்பு அது. சோம்பேறியாம். சோம்பேறி எவனாவது இப்படி உழைப்பானா? இசக்கியம்மாள் ஒருநாள் தானாகவே சொன்னாள். “டீச்சர், ஒரு சொல்லத் தொடங்கும்போது தொடக்கம் இருக்கு. முடிவுக்குப் போகையில தொடக்கம் போயிருது. திரும்ப அங்க போனா முடிவு போயிருது. நான் அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே கெடக்கேன்.” ஓடிக் களைத்தவளைப் பார்த்து, ஏன் நிற்கிறாய் என்று அடிக்கிறார்கள். அதே பெண் வகுப்பில் கரிசல் மண்ணைப் பற்றிப் பேசும்போது கையை உயர்த்தினாள். கோடையில் கரிசல் ஏன் வெடிக்கிறது? பாடநூல் ஈரம் என்றும் களித்தன்மை என்றும் சொல்கிறது. “மழை பேஞ்சா உப்பும் டீச்சர், கால வச்சா செருப்பப் புடிச்சுக்கிடும். காஞ்சா சுருங்கும். சுருங்குததுக்கு எடம் வேணும்லா, அதான் பொளந்துக்கிடுது. பொளந்த வாய் வழியா அடுத்த மழத் தண்ணி அடி வர போகும். அதுக்குத்தான் பருத்திக்கு அது தோது.” பின்னிருக்கையில் ஒருத்தி, “ஏ, எட்டாப்பு டீச்சரம்மா பேசுதா,” என்று சிரித்தாள். ஆனால் வகுப்பில் வேறு யாரும் அவ்வளவு சொல்லவில்லை. இன்றைய வினாத்தாளின் இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. கரிசல் மண்ணின் தன்மைகளை விவரி. பதில் அவளுக்குள் இருக்கிறது. கேள்விதான் அவளுக்கு வெளியே பூட்டிக் கிடக்கிறது. சாவி சண்முகவடிவின் வாயில் இருக்கிறது. வாசிச்சும் காட்டக் கூடாது. மத்த பிள்ளைகளுக்கு அது அநியாயம் இல்லையா?

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டுத் தேய்ந்தது, தலைமையாசிரியையின் சுற்று. சண்முகவடிவு தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வின்மேல் எரிச்சல் வந்தது. அப்பா வீட்டுக்குள் நுழையும் செருப்புச் சத்தத்துக்கும் இப்படித்தான் நிமிர்ந்தார்கள், அவளும் தம்பி சங்கரபாண்டியும். அப்பா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். அவர் இறந்தபோது ஊரே திரண்டது. எழுத்தறிவித்த தெய்வம் என்று மாலைபோட்டவர்கள் பேசினார்கள், மைக்கில் பேசினார்கள், பேசி முடித்தவர்களே திரும்பவும் பேசினார்கள். தெய்வம் தன் மகனின் கையை மரஸ்கேலின் விளிம்பால் அடித்தது யாருக்கும் தெரியாதா? தெருவுக்கே தெரியும். ஒரே பத்தியை அவன் மறுபடி மறுபடி வாசித்தான், மறுபடி மறுபடி அதே இடத்தில் நின்றான், நின்ற இடத்தில் அடி விழுந்தது. அடி விழுந்த இடத்தை அவன் மறுநாள் நெருங்கும்போதே குரல் நடுங்கும். நடுங்கினால் அதற்கும் ஓர் அடி. “அக்காவப் பாரு. அவளும் இந்த வீட்டுலதான பொறந்தா?” அவள் பெயரையே பிரம்பாக்கி அடித்தார். அவளைக் கேட்டா எடுத்தார்? படித்ததையெல்லாம் ஒப்பித்த அவளுடைய நாக்கை, அழகாக எழுதிய அவளுடைய கையை, அவனுக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தார். அதற்குப் பிறகு தம்பி அவளோடு எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை, ஒரு பொரி உருண்டையைக்கூட. மாவட்டத் தலைநகரில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் திரையில் ஒவ்வொரு வரியாக வந்தபோது, வாசிப்பதில் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் காணப்படுபவை இவை இவை என்று அந்தப் பயிற்றுநர் வாசித்தபோது, சண்முகவடிவு குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். அவர் யாரையோ பற்றிப் பேசவில்லை. சங்கரபாண்டியைப் பற்றிப் பேசினார். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அது அறிவோடு சம்பந்தப்பட்டது இல்லை என்றார் அந்தப் பெண்மணி, வழி வேறு, அவ்வளவுதான், சொல்லிக் கொடுக்கும் முறையும் வேறு. எவ்வளவு எளிதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஆசிரியை, “இனிமே எல்லாச் சோம்பேறிக்கும் ஒரு பேரு கெடச்சிரும்,” என்று காதருகே சொல்லிவிட்டுப் பயிற்சிக்குக் கொடுத்த வடையைக் கடித்தாள். அறையில் எல்லோர் கையிலும் அதே மாதிரி ஒரு வடை இருந்தது. தம்பியின் உள்ளங்கையில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. கைரேகைகளை ஒரு ரேகை குறுக்கே வெட்டிப் போகும்.

சங்கரபாண்டி இப்போது ராஜபாளையத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மனைவி, ஒரு மகள். ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் வங்கியில் அவனை அவள் எதேச்சையாகப் பார்த்தாள். படிவம் நிரப்பும் மேசையருகே ஒரு கல்லூரிப் பையனிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். “தம்பி, கண்ணாடி கொண்டு வரல. இத மட்டும் எழுதிக் குடுங்களேன்.” சட்டைப்பையைத் தட்டிக்கூடப் பார்த்தான், கண்ணாடி அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைப்போல. அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. பருந்தின் பார்வை, தெருமுனையில் வரும் பேருந்து எந்த நிறம் என்று முதலில் சொல்பவன் அவன்தான். அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு வந்து அரிசி கழுவும்போதுதான் கோபம் வந்தது. யார்மேல் என்று அதற்கு முகவரி தெரியவில்லை, பாத்திரங்கள்மேல் இறங்கியது. பிறகு போன மழைக்காலத்தில், ஒரு பிற்பகல், அவனே கைப்பேசியில் அழைத்தான். மகளுக்குக் காய்ச்சல். மனைவி ஊரில் இல்லை. “அக்கா, ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு ரோஸ். ஒண்ணு மஞ்சள். எதக் குடுக்க?” “பாட்டில்ல பேரு போட்டிருக்கும் பாரு. என்ன போட்டிருக்கு?” யோசிக்காமல் கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் பிள்ளை இருமுவது கேட்டது. மழை கேட்டது. பிறகு அவன் குரல், மிகவும் சாதாரணமாக, யாரிடமோ பேசுவதுபோல: “கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன்க்கா.” அவளிடம். அந்தப் பத்தியில் அவன் எந்தச் சொல்லில் நின்றான் என்பதுவரை தெரிந்த அவளிடம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல் என்றாள். கொடுத்தான். மருந்தும் சரியாகப் போய்ச்சேர்ந்தது, காய்ச்சலும் இறங்கியது. ஆனால் பக்கத்து வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால்? இந்த ‘இருந்திருந்தால்’ அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டு புட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைப் பார்த்து நிற்கும் ஒரு தகப்பன். அவனை அப்படி நிற்க வைத்தவருக்கு ஊரில் படம் திறந்தார்கள்.

மணியடித்தது, பாதி நேரம் கடந்துவிட்டதற்கான மணி. பிள்ளைகளின் தோள்கள் ஒருமுறை அசைந்து மீண்டும் கவிந்தன. வாசித்தால் என்ன ஆகும்? விளக்கக் குறிப்பு கேட்பார்கள். ஊதிய உயர்வை நிறுத்துவார்கள். அடுத்த ஆண்டு அவளுக்குக் கிடைக்க வேண்டிய உதவித் தலைமையாசிரியை பொறுப்பு பால்ராஜுக்குப் போகும். அவர் இன்னும் உயரமான இடத்தில் நின்று விடைத்தாள்களை வாசித்துக் காட்டுவார். சண்முகவடிவு பணியில் சேர்ந்த நாள்முதல் ஒரு விதியையும் மீறியவள் அல்லள். மணி அடிப்பதற்கு முன் வகுப்பிலிருந்து வெளிவந்தவள் அல்லள், சுண்ணக்கட்டியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனவள் அல்லள். விதி என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் விழும் நிழல் என்று நம்பியவள். நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைத் தேடியவருக்கு எந்த விதி? கண்ணாடி கிடைக்கும்வரை தீர்ப்பைத் தள்ளிவைத்தார் அல்லவா? கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பது கண்ணாடி இல்லாத மத்தவர்களுக்கு அநியாயம் இல்லையா, டீச்சர்? இதுதான். இதுதான் காலையில் வராத பதில். இந்த ஒரு வாக்கியத்தை அப்போது சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படிப் போயிருக்கும். சண்முகவடிவு அதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்; ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கூர்மையாயிற்று, ஒவ்வொரு தடவையும் இன்னும் பயனற்றதாயிற்று. தூணுக்குப் பின்னால் நின்று கூர்மைப்படுத்திக்கொள்ளும் வாக்கியங்களால் யாருக்கு என்ன? இப்படியே இந்த மணிநேரம் கழியும். தாள்களை வாங்கி அடுக்கி, வெறும் பக்கங்களில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அரிசி கழுவலாம்; பாத்திரங்கள் இருக்கின்றன.

சன்னலோரத்தில் ஒரு கை எழுந்தது.

இசக்கியம்மாளின் கை. சண்முகவடிவு போய்க் குனிந்தாள். பிள்ளையின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து கோடாக இறங்கியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பெரியவர்களைப்போல, கேட்கும் காரியம் மிகச் சின்னது என்று காட்டிக்கொள்ளும் ஒரு சிரிப்பு. “டீச்சர், கண்ணாடி கொண்டு வரல. இந்த ரெண்டாவது பக்கத்த மட்டும் வாசிச்சுச் சொல்லுதியளா?” சொல்லிவிட்டு, பாவாடையின் பையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். மின்விசிறியின் முனகல் நின்றுவிட்டதுபோல் இருந்தது. ராஜபாளையத்துக்கும் இந்த இருக்கைக்கும் என்ன தொடர்பு? இவள் சங்கரபாண்டியைப் பார்த்ததில்லை. யாரும் இவளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு முழுப் பள்ளிக்கூடமும் சேர்ந்து எட்டு வருடங்கள் உழைத்து இவளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருப்பது இந்த ஒரே வாக்கியத்தைத்தான், இதைப் பிழையில்லாமல் சொல்கிறாள். முதல் தடவை சொல்பவளின் தயக்கம்கூட இல்லை. எத்தனை கடைகளில், எத்தனை பேருந்து நிறுத்தங்களில் சொல்லிப் பழகினாளோ. இனி மில்லின் விடுதியில் கையெழுத்து வாங்க வருபவர்களிடம் சொல்வாள். காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் சொல்வாள். பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை, மாரீஸ்வரி, இரட்டைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டிருந்தாள். “பொய் டீச்சர். இந்த அக்கா கண்ணாடியே போடாது. நான் தெனமும் தண்ணிக் குழாயில பாக்கேன்லா.” இசக்கியம்மாளின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, வாசலில் எடுத்து வைக்க மறந்த கோலப்பொடி டப்பாவைப்போல. “ஒன் வேலயப் பாரு பிள்ள,” என்றாள் சண்முகவடிவு மாரீஸ்வரியிடம். சொல்லும்போதே அவள் கண் மாரீஸ்வரியின் விடைத்தாளில் விழுந்தது. பக்கம் நிறைய எழுதியிருந்தாள். முதல் கேள்வி, அதன் கீழே இரண்டாம் கேள்வி, அதன் கீழே மூன்றாம் கேள்வி. சுழிக்குச் சுழி, கொம்புக்குக் கொம்பு, வினாத்தாள் அப்படியே அந்தத் தாளில் வரையப்பட்டிருந்தது. விடை ஒரு வரியும் இல்லை. சண்முகவடிவு பார்த்ததைப் பார்த்துவிட்டு, மாரீஸ்வரி மெதுவாக முழங்கையை நகர்த்தித் தாளை மூடிக்கொண்டாள்.

சண்முகவடிவு திரும்பிக் கரும்பலகைக்கு நடந்தாள். கால்கள் தாமாக நடந்தன. அந்தச் சிறிய தூரத்தில் அவள் ஒன்றையும் யோசிக்கவில்லை, அதுவே ஓர் அதிசயமாக இருந்தது. மேசையிலிருந்து எட்டாம் வகுப்பு வினாத்தாளை எடுத்தாள். தன் கண்ணாடியை மூக்கின்மேல் சரியாக அமர்த்திக்கொண்டாள். “எட்டாம் வகுப்பு, எல்லோரும் கேளுங்க. தாள முதல்ல இருந்து வாசிக்கேன். எழுதுறவங்க எழுதிக்கிட்டே இருக்கலாம்.” வாசித்தாள். எந்தச் சொல்லிலும் அழுத்தம் சேர்க்காமல், எந்த இடத்திலும் குறிப்புக் காட்டாமல், அச்சில் இருந்ததை இருந்தபடி. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலர் புருவத்தைச் சுருக்கிவிட்டுத் தங்கள் எழுத்தைத் தொடர்ந்தார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு நேர்ந்த அநியாயம். இரண்டாம் பக்கம் வந்தது. “கரிசல் மண்ணின் தன்மைகளை விவரி. கரிசல் மண்ணின், தன்மைகளை, விவரி.” சன்னலோரத்தில் இசக்கியம்மாள் தலையை நிமிர்த்தினாள். அவள் உதடுகள் அசைந்தன. பிறகு பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, வாயிலேயே வைத்துக்கொண்டு, குனிந்தாள். அவள் எழுதப்போவதில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், மாறியிருக்கட்டும். அந்தத் தாளைத் திருத்தப்போவது சண்முகவடிவு. அவள் மதிப்பெண் போடப்போவது மண்ணுக்கு. ஆனால் நிமிர்ந்தது ஒரு தலை மட்டும் அல்ல. நடு வரிசையில் செல்வராணி நிமிர்ந்திருந்தாள், கையெழுத்து முத்துப்போல் இருக்கிறது என்று எல்லோரும் மெச்சும் செல்வராணி. சுவரோரத்தில், எப்போதும் வயிற்றுவலி என்று தேர்வு நாட்களில் விடுப்பு எடுக்கும் ஒருத்தி நிமிர்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இவ்வளவு நாள் எங்கே இருந்தார்கள் இவர்கள்? எதிரேதான் இருந்திருக்கிறார்கள். சண்முகவடிவு கோபத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை வேகமாக. “வடிவு டீச்சர்.” தலைமையாசிரியை வாசலில் நின்றார். கேள்வியின் பாதியில் இருந்த சண்முகவடிவு அதை வாசித்து முடித்தாள், இரண்டாம் தடவையும் முடித்தாள், பிறகுதான் திரும்பினாள். “காலைல நான் என்ன சொன்னேன்?” “வாசிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க டீச்சர்.” “பிறகு யாருக்காக வாசிக்கிறீங்க?” தயாராக வைத்திருந்த அந்தக் கூரான வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது. “கண்ணாடி கொண்டு வராதவங்களுக்காக,” என்றாள். தலைமையாசிரியையின் கை தானாகவே உயர்ந்து, கழுத்தில் தொங்கிய பாசிமணிக் கயிற்றைத் தொட்டது. தொட்டதை உணர்ந்து இறங்கியது. அவர் தாழ்ந்த குரலில், பிள்ளைகளுக்குக் கேட்டுவிடாதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பரீட்சை முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க.” “வாரேன் டீச்சர். என் அட்ட ஒண்ணு உங்க மேசையில கெடக்கு, அதையும் எடுக்கணும்.” தலைமையாசிரியைக்கு இரண்டே வழி. அறைக்குள் வந்து தாளைப் பிடுங்க வேண்டும் அல்லது போக வேண்டும்; பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்புச் சத்தம் வராந்தாவில் மெல்ல நீண்டு மறைந்தது. சண்முகவடிவு மீதிக் கேள்விகளையும் வாசித்து முடித்தாள். பிறகு, கண்காணிப்பாளர் உட்காரக் கூடாத அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டீச்சர்.” மாரீஸ்வரி. முழங்கை இன்னும் விடைத்தாளை மூடியிருந்தது. ஒரு சடையின் நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். “என்ன?” சடையை வாயிலிருந்து எடுத்தாள். பக்கத்தில் கட்டுக்கடங்காமல் எழுதிக்கொண்டிருந்த இசக்கியம்மாளை ஒருமுறை பார்த்தாள். “எங்க தாள வாசிக்க மாட்டீங்களா?”

சண்முகவடிவு ஆறாம் வகுப்பு வினாத்தாளை எடுத்தாள். “அந்தத் தாளத் திருப்பி வச்சிட்டு, புதுசா ஒரு பக்கம் எடு,” என்றாள். பிறகு, அறை முழுவதற்கும் கேட்கும் குரலில், முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.